ஜூலை நெருக்கடியும் ஒரு புது சைக்கிளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவை செல்வபுரத்தில் வசிக்கும் ஒரு பெண், தன் 43ஆவது வயதில், 2023 நவம்பர் கடைசியில் புது சைக்கிள் ஒன்று வாங்கினார். அவர் சொன்ன காரணம் இரண்டு. வேலை டென்ஷன் தாங்க முடியவில்லை; உடம்பு ஏறிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக சைக்கிளை நம்பினார். இரண்டு வருடம் அருகிலிருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: டென்ஷனுக்கு சைக்கிள் சீக்கிரமே கைகொடுத்தது. எடைக்கு ரொம்பத் தாமதமாக, சுற்றுவழியில் வந்து கைகொடுத்தது. இந்த வித்தியாசம் முதலிலேயே தெரியாததால்தான் பல வீடுகளில் புது சைக்கிள் மூன்றாவது மாதமே மாடிப்படிக்குக் கீழே போய்விடுகிறது.

சைக்கிள் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அப்படித்தான் இவரும் அறிமுகம். அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். அலுவலகம், மருத்துவர், கடை எதையும் அடையாளம் தெரியும்படி சொல்லவில்லை. இங்கே அவரைக் கணக்காளர் என்றே குறிப்பிடுகிறேன்.

வேலையும் உடம்பும்

ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவர் மூத்த கணக்காளர். அந்த வேலைக்கு நாட்காட்டியே தனி. 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்டியாக வேண்டும். 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1. 20ஆம் தேதி வரிக்கணக்கின் சுருக்கமான ஜிஎஸ்டிஆர்-3பி. இது மாதாமாதம். இதற்கு மேல் ஜூலை 31 வருமான வரி ரிட்டர்ன், செப்டம்பர் 30 டேக்ஸ் ஆடிட். ஒரு டியூ டேட் முடிந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பில்களை 18ஆம் தேதி ராத்திரிதான் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அதைப் பார்க்காமல் தூங்கவும் முடியாது, பார்த்த பிறகு தூக்கமும் வராது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி அமலுக்கு வந்த அடுத்த இரண்டு வருடத்தில்தான் எடை ஏறத் தொடங்கியது என்பது அவர் கணக்கு. அப்புறம் கொரோனா, வீட்டிலிருந்து வேலை, மகனின் படிப்பு. 2023 அக்டோபரில் ஆடிட் சீசன் முடிந்த கையோடு மருத்துவரைப் பார்த்தபோது 156 செ.மீ. உயரத்துக்கு 76 கிலோ இருந்தார். உடல் எடைக் குறியீடு 31. ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல், 25க்கு மேல் உடல் பருமன் என்பதுதான் இங்கே மருத்துவர்கள் பார்க்கும் அளவு. பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டிய இடுப்புச் சுற்றளவு அவருக்கு 96. ரத்த அழுத்தம் 138/88. மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் எடை கூடுகிறது என்று சொன்னால் தைராய்டைப் பார்க்காமல் உடற்பயிற்சி யோசனை சொல்வது சரியில்லை. இவருடைய மருத்துவர் அந்தப் பரிசோதனையை முதலில் முடித்தது நல்லதாயிற்று.

எடை எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்னேன். கணக்கு எழுதுவது அவருக்குக் கைவந்த கலை, நேரத்தோடு எழுதினார். மதியச் சாப்பாடு, காலை இட்லி, இவற்றில் பெரிய குறை இல்லை. மாலை ஏழு மணிக்குத்தான் கதை தொடங்குகிறது. கோவையில் தெருவுக்குத் தெரு பேக்கரி. அலுவலகப் பையன் டீ வாங்கப் போனால் கூடவே பப்ஸ், தேங்காய் பன் வரும். சில நாள் தள்ளுவண்டிக் காளான். பத்தரைக்கு வீட்டுக்கு வந்து மறுபடி முழுச் சாப்பாடு. பிறகு போன். ஒரு மணிக்குத் தூக்கம், ஆறு மணிக்கு அலாரம்.

மன அழுத்தம் நீடித்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். இனிப்பும் எண்ணெயும் கேட்கும். இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேரும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். ஆகவே அந்த ஏழு மணிப் பப்ஸை மனவுறுதி இல்லாத குணமாகப் பார்ப்பது அநியாயம். ஐந்து மணி நேரம் தூங்கி, பன்னிரண்டு மணி நேரம் கணக்குப் பார்த்த உடம்பு கேட்கிற தீனி அது. அவரோ பல வருடமாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு வாய்க்கட்டு இல்லீங்க" என்பார்.

ஏன் சைக்கிள்

இதற்கு முன்னால் ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டியிருக்கிறார். முதல் ஜிஎஸ்டி வாரத்திலேயே விட்டுப்போயிற்று. நடைப்பயிற்சியும் முயன்றார். அது ஏன் பலிக்கவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் இந்த முழு ஆய்வுக்கும் சாவி என்று நினைக்கிறேன்: நடக்கும்போது போன் எடுக்க முடிகிறது. காலை ஆறரை மணிக்கே வாடிக்கையாளர் கூப்பிடுவார், பேசிக்கொண்டே நடப்பார். கால் நடக்கிறது, மனம் அலுவலக நாற்காலியிலேயே இருக்கிறது.

சைக்கிளில் அது முடியாது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில், கண் சாலையில். பள்ளம், நாய், எதிரே வரும் பால் வண்டி என்று மனம் இப்போதைக்கு மட்டும் வேலை செய்தாக வேண்டும். உடற்பயிற்சியாக இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்; அவருக்கு வேண்டியிருந்தது யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரம்.

பள்ளிக் காலத்தில் ஓட்டியிருக்கிறார். அரசு இலவச சைக்கிள் தொடங்கியது 2001-02இல். அவர் படித்தபோது அது இல்லை. அக்காவின் பழைய லேடீஸ் சைக்கிளில்தான் பிளஸ் டூ வரை போய்வந்தாராம். கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதில்லை. மறந்துபோயிருக்குமோ என்ற பயம் இருந்தது. கடை வாசலில் ஏறியதும் முதல் பத்தடி தள்ளாடினார், அப்புறம் வளைந்து திரும்பி வந்தார். முகம் சிவந்து சிரித்தார்.

கடையில்

சைக்கிள் வாங்குவதில் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கடைத் தம்பி முதலில் எடுத்து நிறுத்தியது தடித்த டயர், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர் போட்ட வண்டி. "அக்கா, இந்தக் காசுக்கு இதான் வொர்த்துங்க. மலையே ஏறும்" என்றார். பார்க்க கம்பீரமாகத்தான் இருந்தது. தூக்கிப் பாருங்கள் என்றேன். கணக்காளரின் வீட்டு வாசலில் மூன்று படி ஏற்றித்தான் உள்ளே வைக்க வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

மலிவு விலை சஸ்பென்ஷன் தார் ரோட்டில் ஓட்டுபவருக்கு உதவுவதை விட உபத்திரவமே அதிகம். நாம் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் அமுங்கி எழுந்தே தின்றுவிடும். மண் பாதைக்கான முள் டயர் தாரில் இழுக்கும். எடை கூடிய, பயிற்சி விட்டுப்போன ஒருவர் இப்படிப்பட்ட வண்டியில் முதல் வாரம் போனால், "என்னால் முடியவில்லை" என்றுதான் முடிவுக்கு வருவார்.

கடைசியில் எடுத்தது ஹைபிரிட் வகை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் சஸ்பென்ஷன் இல்லாத நேர் வகை, நடுத்தர அகல டயர், பின்னால் மட்டும் ஏழு கியர், சக்கர விளிம்பைக் கவ்வும் சாதாரண ரிம் பிரேக். மேல் பார் தாழ்ந்து வளைந்த, காலைத் தூக்கிப் போடாமல் ஏறக்கூடிய ஃபிரேம், சின்ன அளவு. ட்யூபில் பைக்குக்கு இருக்கும் அதே வால்வு. பெட்ரோல் பங்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம். விலை 17,000 ரூபாய்க்குச் சற்று மேல். பில்லில் ஜிஎஸ்டி 12 சதவீதம் தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் பணம் கொடுத்தார். (2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு வரி 5 சதவீதம். அந்த அறிவிப்பு வந்த அன்று முதல் ஆளாக எனக்குச் செய்தி அனுப்பியது அவர்தான்.)

ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, பூட்டு, கைப்பம்ப், மட்கார்டு ஆகியவற்றுக்கு இன்னொரு 4,000. செயின் கார்டு அந்த மாடலில் வரவில்லை. சுடிதார் போடுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. கால்சட்டையின் ஓரமும் துப்பட்டாவும் செயினில் சிக்கினால் விழுவது நிச்சயம். வேறொரு மாடலின் கார்டை மெக்கானிக் இரண்டு கிளாம்ப் வைத்துப் பொருத்திக் கொடுத்தார். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுவது என்று அன்றைக்கே முடிவு.

அப்புறம் சீட் உயரம். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக இருக்க வேண்டும்; அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடிந்திருக்கும். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் தரையில் இரண்டு காலும் முழுதாக ஊன்றாது. அவருக்கு அதுதான் பயம். "கால் எட்டலைன்னா விழுந்துருவேனுங்க தம்பி, இறக்கி வையுங்க" என்றார். சீட்டைத் தாழ்த்தினால் தைரியம் வரும், ஆனால் முட்டி போய்விடும். மெக்கானிக் நல்ல வழி சொன்னார்: முதலில் கால் எட்டும் அளவுக்குத் தாழ்வாகவே வைத்து, சீட் போஸ்ட்டில் மார்க்கரால் சரியான உயரத்துக்கு ஒரு கோடு போட்டார். "வாரம் ஒரு விரக்கடை ஏத்துங்க அக்கா. கோடு வந்ததும் நிறுத்திக்குங்க." ஒரு மாதத்தில் கோட்டுக்கு வந்துவிட்டார். சீட்டும் ஆண்களுக்கான ஒடுங்கின வகையாக இருந்தது. பெண்களுக்கு உட்காரும் எலும்புகளின் இடைவெளி பொதுவாகக் கூடுதல் என்பதால் கொஞ்சம் அகலமான சீட்டை மாற்றிக்கொண்டோம். தலையணை மாதிரி மெத்தென்ற ஜெல் சீட் வேண்டாம் என்றேன். கடையில் உட்கார சுகமாக இருக்கும், அரை மணி ஓட்டினால் அதுவே வலி.

முதல் மாதங்கள்

காலை ஐந்தரைக்குக் கிளம்புவது. பேரூர் மெயின் ரோட்டில் மேற்கே போய், பட்டீஸ்வரர் கோயில் தாண்டி, பேரூர் செட்டிபாளையம். பழகியதும் மாதம்பட்டி வரை. நொய்யல் கிழக்கே ஓடுகிற ஆறு. அதன் எதிர்த்திசையில் போகிற இந்தச் சாலை கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். திரும்பி வரும்போது அதே ஏற்றம் இறக்கமாகக் கைகொடுக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் முதலில் கஷ்டமும் பிறகு சுலபமும் வருகிற பக்கத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. களைத்துப்போய் நடுவழியில் நிற்க வேண்டியிருக்காது.

தொல்லைகள் வந்தன. தெரு நாய்கள் முக்கியமான தொல்லை. வேகமாக மிதித்துத் தப்பப் பார்த்தால் துரத்தும். இறங்கி, நமக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி உருட்டிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். உள்ளங்கை மரத்துப்போனது, சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததால் உடல் பாரம் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. சமமாக்கியதும் சரியாயிற்று. எதிர்வீட்டு அம்மா ஒருவர் "இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்" என்று தினமும் கேட்டார்.

ஜனவரி நடுவில், "முதல் வாரம் போனதை விட இப்போது மூச்சு வாங்குகிறது, எனக்கு உடம்புக்கு என்னவோ" என்று போன் செய்தார். போய் டயரை அழுத்திப் பார்த்தால் கட்டைவிரல் உள்ளே போகிறது. சைக்கிள் ட்யூபில் காற்று தானாகவே இறங்கும், பஞ்சர் இல்லாவிட்டாலும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கிற அளவுக்கு அடித்துக் கொடுத்ததும், தெருக்கோடி வரை போய்த் திரும்பியவர் நம்ப முடியாமல் டயரைத் தட்டிப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்று அடிக்காததால் எத்தனை பேர் தங்கள் உடம்பின் மேல் பழி போட்டு சைக்கிளை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்த மாதங்களில் உண்மையாக மாறியது ராத்திரிதான். ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றால் பத்து மணிக்குப் படுத்தாக வேண்டும். அதற்கு ஒன்பதுக்குச் சாப்பிட வேண்டும். அதற்கு எட்டுக்கு அலுவலகத்தை விட வேண்டும். ஒன்பதுக்கு மேல் வாட்ஸப் பார்க்க மாட்டேன் என்று ஆடிட்டரிடம் சொன்னார். இத்தனை வருடம் சொல்ல நினைத்துச் சொல்லாதது. "தலைவலி", "டென்ஷன்" என்று காரணம் சொன்னால் "சீசன் முடியட்டும்மா" என்று பதில் வரும். "காலையில் சைக்கிள் போகணும் சார்" என்றதும் அவர் சரி என்றுவிட்டார். கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள், காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள், பேச்சுக்கு ஆதாரமாக நின்றது. சைக்கிள் செய்த மிகப் பெரிய வேலை இது என்பது என் எண்ணம்.

பிப்ரவரி கடைசியில் ரத்த அழுத்தம் 128/84. தலைவலி மாத்திரை நின்றிருந்தது. இடுப்பு 3 செ.மீ. குறைந்திருந்தது. எடை? 75. மூன்று மாதத்துக்கு ஒரு கிலோ.

எடைக் கணக்கு

அன்று அவர் ரொம்ப உடைந்து பேசினார். கணக்காளரிடம் கணக்காகத்தான் பேச வேண்டும் என்று பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தோம்.

மணிக்கு 16 கி.மீ.க்கும் குறைந்த நிதான வேகத்தில் சைக்கிள் ஓட்டினால், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆற்றல் செலவாகும். 76 கிலோ உள்ளவருக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 300 கலோரி. அதில் சும்மா இருந்தாலே செலவாகும் 76 கலோரியைக் கழித்தால் நிகரம் 225 சொச்சம். வாரம் ஐந்து நாள் என்றால் 1,130 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. வகுத்துப் பார்த்தால், சாப்பாடு ஒரு துளியும் கூடாமல் இருந்தால், ஒரு கிலோ குறைய கிட்டத்தட்ட ஏழு வாரம். சாப்பாடு கூடாமல் இருக்குமா? காலையில் ஓட்டிவிட்டு வந்தால் பசிக்கும். "இன்னிக்கு ஓட்டினேனே" என்று மாலையில் இன்னொரு பப்ஸ் போனால் அன்றைய வரவு அன்றே செலவு. நடுவில் டிசம்பர், ஜனவரி இரண்டிலும் ஜிஎஸ்டி வாரங்களில் விட்டுப்போன நாள்களும் உண்டு. அதையும் சேர்த்தால் அந்த ஒரு கிலோ கணக்குப்படி நியாயமானதுதான்.

கணக்கு புரிந்ததும் அவர் முகம் தெளிந்தது. தான் தோற்கவில்லை, எதிர்பார்ப்புதான் தப்பு என்று தெரிந்தது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. அந்த அளவை எட்டினால் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் நன்மை உண்டு, எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும். யாரோ அனுப்பிய ஒரு செய்தியை அவர் காட்டினார்: சைக்கிளில் வேலைக்குப் போனால் ஆயுள் கூடும் என்று. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்து 2017இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. வேலைக்கு சைக்கிளில் போகிறவர்களின் மரண அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது என்றது. சைக்கிளில் போகிறவர்கள் வேறு விதங்களிலும் ஆரோக்கியமானவர்களாக இருக்கலாம் என்பதால் முழுப் பெருமையையும் சைக்கிளுக்குக் கொடுக்க முடியாது என்றேன். "இருந்தாலும் பரவால்லீங்க, பாதிப் பெருமை போதும்" என்றார்.

அன்று முதல் எடை பார்ப்பதை மாதம் ஒருமுறையாக்கினோம். மாலை ஏழு மணித் தீனிக்கு நேரடியாகத் தடை போடவில்லை. வீட்டிலிருந்து சுண்டலோ வேர்க்கடலையோ டப்பாவில் கொண்டுபோய் ஐந்தரைக்கே சாப்பிட்டார். பசி முற்றுவதற்கு முன்னாலேயே வயிற்றில் ஏதாவது விழுந்துவிட்டால் ஏழு மணிக்குப் பேக்கரி அவ்வளவு இழுக்காது. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு வந்துவிட்டதும், தூக்கம் ஏழு மணி நேரத்தைத் தொட்டதும் சேர்ந்து வேலை செய்தன. எடை இறங்கத் தொடங்கியது மார்ச்சுக்குப் பிறகுதான். ஜூன் கடைசியில் 72.

ஜூலை

உண்மையான சோதனை 2024 ஜூலை. ரிட்டர்ன் சீசனின் உச்சம். அதே ஜூலையில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று கோவைக்குள் சீறிப் பாயும். மேற்கே போகிறவருக்கு எதிர்க்காற்று. கியர் குறைத்துக் குனிந்து மிதித்தாலும் நடக்கிற வேகம்தான் வரும். முதல் வாரம் மாதம்பட்டி வரை போக முடியாமல் பாதியில் திரும்பியிருக்கிறார். திரும்பும்போது மிதிக்கவே வேண்டாம், காற்று தள்ளிக்கொண்டே செல்வபுரத்தில் கொண்டுவந்து விட்டதாம்.

தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இருபது நிமிடம் காற்றை எதிர்த்து, எங்கே வந்திருந்தாலும் அங்கேயே திரும்புவது. ஜூலை முழுக்க அப்படித்தான் ஓட்டினார். பின்னால் அவர் சொன்னது: "அந்தக் காத்துக்கூட மல்லுக்கட்டிட்டு ஆபீஸ் போனா, கிளையன்ட் கத்துறது பெருசாத் தெரியலீங்க." அந்த ஜூலை 31 ராத்திரி அலுவலகத்தில் எல்லோரும் பதினொன்று வரை இருந்தார்கள், இவரும் இருந்தார். வேலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் மறுநாள் காய்ச்சலில் படுக்காத முதல் ஆகஸ்ட் அதுதான் என்றார் அவர் கணவர்.

இதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆகஸ்டில் அலுவலகத்தில் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். அவர்களுடைய ஃபைல்களும் இவர் மேஜைக்கு வந்தன. செப்டம்பரில் ஒன்பது மணி விதி உடைந்தது, பத்து மணித் தூக்கம் போயிற்று, காலை சைக்கிள் நின்றது. மூன்று வாரத்தில் ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது. ஆள் பற்றாக்குறையால் வருகிற நெருக்கடிக்கு மருந்து ஆள் எடுப்பதுதான். ஊழியர்கள் ஆரோக்கியமாக இருக்க யோகா வகுப்பு, சைக்கிள் குழு என்று வைத்துவிட்டு, இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுகிற அலுவலகங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இவர் அதை ஆடிட்டரிடம் நேராகவே பேசினார். நவம்பரில் ஒரு ஆள் வந்தார்.

அதுவரை தாக்குப்பிடித்தது வேறு வழியில். காலையில் ஒரு மணி நேரம் இல்லை என்றால் அலுவலகத்துக்கே சைக்கிளில் போகலாமே என்று அவருக்கே தோன்றியது. செல்வபுரத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் பக்கம்தான். ஸ்கூட்டரில் போகிற அதே தூரம், சிக்னல்களை எல்லாம் கணக்கில் எடுத்தால் சில நிமிடம்தான் கூடுதல். மெயின் ரோட்டு பஸ் நெரிசலைத் தவிர்த்து உள் தெருக்கள் வழியாக ஒரு பாதை கண்டுபிடித்தார். மாற்றுச் சுடிதார் ஒன்று அலுவலக அலமாரியில். பின்னால் கேரியர், அதில் டிபன் பை. ராத்திரி திரும்புகையில் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிய மேல்சட்டை. புடவை கட்டும் நாள்களில் ஸ்கூட்டர். உடற்பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாத இந்த ஓட்டம்தான் இன்று வரை நிலைத்திருக்கிறது. காலை நேர ஓட்டம் வாரம் இரண்டு, மூன்று என்று குறைந்துவிட்டது. ஞாயிறு மட்டும் ஆலாந்துறை வரை. அதற்கு மேல் அடிவாரத்துப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு; விடியாமல் போவதில்லை என்பதில் கண்டிப்பாக இருக்கிறார்.

இப்போதைய நிலை

2025 அக்டோபர் அளவுகள்: எடை 69.5, இடுப்பு 88, ரத்த அழுத்தம் 124/80, ஹெச்பிஏ1சி 5.8. உடல் எடைக் குறியீடு 28.6, அட்டவணைப்படி இன்னும் உடல் பருமன்தான். சர்க்கரை எல்லைக்குள் முழுதாக வரவில்லை. கடந்த ஆறு மாதமாக எடை அசையவும் இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்குவதால் தசை குறைவதும் ஒரு காரணம் என்கிறார் மருத்துவர். சைக்கிள் காலுக்கு வேலை கொடுக்கும், கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் பெரிதாகக் கொடுக்காது. உடல் பாரம் சீட்டில் இருப்பதால் எலும்புக்கும் போதாது. அதனால் வாரம் இருமுறை தண்டால், ஸ்க்வாட், தண்ணீர் கேன் தூக்குவது என்று வீட்டிலேயே ஆரம்பித்திருக்கிறார். தட்டில் பருப்பும் முட்டையும் கூடியிருக்கிறது.

2025இல் ரிட்டர்ன் கெடு செப்டம்பர் பாதி வரை தள்ளிப்போனதால் ஜூலை லேசாகப் போயிற்று, செப்டம்பர் கனமாயிற்று. இந்த முறை செப்டம்பரில் சைக்கிள் நிற்கவில்லை. காலை ஓட்டம் இல்லாமலேயே அலுவலகப் பாதை ஓடிக்கொண்டிருந்தது. தூக்கம் ஆறு மணி நேரத்துக்கு இறங்கியது, எடை ஏறவில்லை.

செலவுக் கணக்கையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். வண்டியும் சாமான்களும் 21,000 சொச்சம். இரண்டு வருடத்தில் செயின் ஒன்று, பின் டயர் ஒன்று, பிரேக் கட்டைகள், மூன்று பஞ்சர், இரண்டு சர்வீஸ் சேர்த்து நாலாயிரத்துக்குள். மறுபக்கம் ஸ்கூட்டர் பெட்ரோலில் மிச்சம், பேக்கரியில் மிச்சம். முன்பு கட்டிவிட்டுப் போகாத ஜிம் சந்தாவையும் அதே பக்கத்தில் "வாராக் கடன்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த பரிசோதனை ஏப்ரலில். அதற்குள் ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. எடைக்கு இலக்கு எதுவும் வைக்கவில்லை.